தோலின் உட்புறம்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, முன்னொருகால் என்னிடம் பாடங்கேட்டவரும் இப்பொழுது மேலைநாடொன்றிற் தொழில் புரிபவருமாகிய அன்பர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்திருந்தார். அவர் தம் சப்பாத்துக்களை விறாந்தையின் ஓரத்தே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தமர்ந்தார். நன்னூலிற் தொடங்கிய உரையாடல் நாடுகள் பல கடந்து நள்ளிரவு வரை நீண்டது. இடையே பெய்த பெருமழையின் சாரல் விறாந்தையை முழுதும் நனைத்தமையை நாங்கள் இருவரும் அறிந்திலோம். விடைபெறும் வேளையிற் பார்த்தால், அவர்தம் சப்பாத்துக்கள் நீரிற் கிடந்த பஞ்சுபோல ஊறிக் கனத்துக் கிடந்தன. வெறுங்காலுடன் காரில் ஏறிச் சென்றார் அன்பர். விருந்தினரின் உடைமையைக் காவாது விட்ட குற்றம் என் தலைமேலதாயிற்று.

மறுநாட் காலை யான் அவற்றை எடுத்து வெயிலில் வைத்தேன். நண்பகலுக்குள் அவை விறைத்துக் கருகிய இலைபோற் சுருங்கத் தொடங்கின. அஞ்சி, ஒரு பையில் இட்டுக்கொண்டு சந்தியை நோக்கி நடந்தேன். சந்தியிலுள்ள புளியமரத்தின் கீழே, என்னினும் பத்தாண்டு மூத்தவராகத் தோன்றும் செருப்புத் தைப்பவர் ஒருவர் நெடுங்காலமாக இருந்து தொழில் செய்து வருகின்றார். நாள்தோறும் அவரைக் கடந்தே கல்லூரிக்குச் செல்வேன். ஆயினும் அன்றுவரை அவரோடு ஒரு சொல்லேனும் பேசியதில்லை.

"இவற்றிற்கு நல்லாய்ப் பொலிஷ் போட்டுத் தாரும், நீர் செய்தால் சரிவரும்" என்றேன்.

அவர் சப்பாத்தை வாங்கி விரலாற் தடவிப் பார்த்தார். "இதை ஏன் ஐயா வெயிலிலை வைச்சனீங்கள்? இதுக்குப் பொலிஷ் போடக்கூடாது. போட்டால் மயிரெல்லாம் ஒட்டிப்போம். இது தோலின்ரை வெளிப்பக்கம் இல்லை, உள்ப்பக்கம். உள்ளுக்குத்தான் நார் கிடக்கு" என்றார்.

யான் வாளா நின்றேன். தொல்லிலக்கியங்களிற் தோலைக் குறிக்கும் சொற்களை எல்லாம் முப்பதாண்டு மாணாக்கர்க்கு உரைத்தவன் யான். தோல், உரிவை, அதள் என்பனவும், யாழின் பத்தரைப் போர்க்கும் தோலைக் குறிக்கும் 'பச்சை' என்பதும், செருப்பைக் குறிக்கும் 'தொடுதோல்' என்பதும், பெரும்பாணாற்றுப்படையில் வரும் 'அடிபுதையரணம்' என்பதும் என் நாவின் நுனியில் இருந்தன. தோலுக்கு உட்புறமும் வெளிப்புறமும் வெவ்வேறு இயல்பின என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்நாணமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று.

ஊர்ப்பெயர் பொருட்பெயர் ஆனமை

அன்பரின் சப்பாத்து 'சுவேட்' எனப்படும் தோலாற் செய்யப்பட்டது. இச்சொல்லின் வரலாறு இலக்கணம் பயில்வோர்க்கு இன்பம் தருவதாகும். பிரெஞ்சு மொழியிலே 'சுவேட்' என்பது சுவீடன் நாட்டின் பெயர். அந்நாட்டிலிருந்து வந்த மென்மையான கையுறைகளைப் பிரெஞ்சு மக்கள் 'சுவீடன் கையுறை' என வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கையுறை ஐரோப்பிய மகளிரிடையே பெருவழக்குற்றது. நாளடைவிற் கையுறை என்னும் சொல் உதிர்ந்துபோக, நாட்டின் பெயரே அத்தோலின் பெயராய் எஞ்சியது. நம் இலக்கண நூலார் இதனை இடவாகுபெயர் என்பர். 'காஞ்சிபுரம் உடுத்தாள்' என்றால் ஊரை உடுத்தாள் என்று ஒருவரும் பொருள் கொள்வதில்லையன்றே?

ஆடையுலகு முழுவதும் இத்தகைய ஆகுபெயர்கள் மலிந்து கிடக்கின்றன. கள்ளிக்கோட்டையின் பெயரால் 'கலிக்கோ' எனும் துணி வழங்குகின்றது. 'டமாஸ்க்' என்பது தமாசுக்கு நகரின் பெயர். இன்று இளைஞர் விரும்பி அணியும் 'டெனிம்', பிரான்சு நாட்டின் நீம் நகரத்திலிருந்து பெயர் பெற்றது. சதுரக் கட்டங்கள் கொண்ட பருத்தித் துணி ஒன்று உலகமெங்கும் 'மெட்ராஸ்' என்றே அழைக்கப்படுகின்றது. ஊர்கள் அழியினும் மாறினும் அவற்றின் கைத்தொழில் பெயராய் நிலைபெறுகின்றது. செய்தவர் பெயரோ எங்கும் நிலைபெறுவதில்லை.

உட்புறம் என்பது யாது?

விலங்கின் தோலை நெடுக்காக வெட்டி நோக்கினால் அதன் அமைப்பு விளங்கும். மயிர் முளைத்திருந்த மேற்பக்கத்தில் நார்கள் மிக நுண்ணியனவாய் நெருங்கிப் பின்னிக் கிடக்கும். அதனாலேயே அப்பக்கம் வழுவழுப்பும் நீரை எளிதில் உட்கொள்ளா இயல்பும் உடையது. தசையை ஒட்டியிருந்த கீழ்ப்பக்கத்தில் நார்கள் பருமனாயும் தளர்வாயும் இருக்கும். இந்நார்கள் கொலாசன் என்னும் புரதத்தால் ஆனவை. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைந்து, பதனிட்டு அழுகாமற் செய்தபின், உட்பக்கத்தை உரகாகிதம் போன்ற கரடான பொருளாற் தேய்க்கின்றனர். அப்பொழுது நார்களின் நுனிகள் எழுந்து பட்டுப் பூம்பஞ்சுபோல நிற்கும். அதுவே சுவேட்.

ஆடு, செம்மறிக்குட்டி முதலியவற்றின் தோல் மெல்லியது. ஆதலின் அதனைப் பிளவாது உட்புறத்தை மட்டும் தேய்த்துப் பயன்படுத்துவர். மாட்டுத்தோல் தடித்தது. ஓயாது சுழலும் நாடாக்கத்தி பூட்டிய பொறியினால் அதனை ஏடு பிரிப்பதுபோல இரண்டாகவோ மூன்றாகவோ பிளப்பர். மேலேடு வழுவழுப்பான தோலாகும். கீழேடு சுவேட் ஆகும். இனி, சுவேட்டைப் போலவே தோன்றும் 'நூபக்' என்பது ஒன்றுண்டு. அது வெளிப்பக்கத்தையே இலேசாகத் தேய்த்துச் செய்வது. ஆதலின் வலிமை மிக்கது. கண்ணாடி துடைக்க உதவும் 'சாமுவா' தோலோ மீனெண்ணெயிற் பதனிடப்படுவது. ஆல்ப்சு மலையில் வாழும் ஒருவகை மலையாட்டின் பெயரை அது தாங்கி நிற்பினும், இன்று பெரும்பாலும் செம்மறித்தோலிலேயே செய்யப்படுகின்றது.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். உட்புறம் என்றவுடன் அதனை வெளிப்புறத்தினும் சிறந்ததெனப் புகழ்தல் உண்மைக்கு மாறாகும். கீழேட்டிற் செய்த சுவேட் மேற்றோலைவிட வலிமை குன்றியது. நீரையும் எண்ணெயையும் விரைந்து உறிஞ்சுவது. கறை பட்டால் எளிதில் நீங்காதது. அதன் சிறப்பு மென்மையும், வளைந்து கொடுக்கும் தன்மையும், ஒளியைத் திருப்பி எறியாது உள்வாங்கும் ஆழ்ந்த நிறமுமேயாம். வெளிப்பக்கத்தில் முள் கீறிய வடுவும் பூச்சி கடித்த தழும்பும் பதிந்திருக்கும். உட்பக்கம் அவ்வடுக்களைக் காட்டாது. ஒவ்வொன்றிற்கும் அதனதன் குணமும் குற்றமும் உள.

ஐரோப்பியர் இத்தோலுக்குப் பெயரிடுமுன்னரே இதனையொத்த மென்றோலைச் செய்தறிந்த மக்கள் பலர். வட அமெரிக்காவின் பழங்குடியினர் மானின் தோலை அவ்விலங்கின் மூளையைப் பூசிப் பிசைந்து மென்மையாக்கினர், பின்னர்ப் புகையூட்டினர். புகையூட்டிய தோல் மழையில் நனைந்து காய்ந்தாலும் விறைப்பதில்லை. என் விருந்தினரின் சப்பாத்து அந்த அறிவு கொண்டு செய்யப்பட்டிருப்பின் யான் சந்திக்கு நடந்திரேன்.

பாலைவனமும் இறப்பரும்

சுவேட் பாதணிகளின் வரலாற்றில் நம் நாட்டோடு ஒருவாறு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. இங்கிலாந்தின் சொமர்செற் பகுதியிலுள்ள 'இஸ்ட்ரீட்' என்னும் சிற்றூரில் 1825ஆம் ஆண்டு சைரசு கிளார்க் என்பவர் செம்மறித்தோல் விரிப்புச் செய்யும் தொழிலைத் தொடங்கினார். விரிப்பு வெட்டியபின் எஞ்சிய துண்டுகளைக் கொண்டு அவர் தம்பி சேம்சு வீட்டினுள் அணியும் செருப்புக்களைச் செய்யலானார். எச்சத்திற் பிறந்த அத்தொழில் பின்னாளிற் பெரும் பாதணி நிறுவனமாய் வளர்ந்தது. அக்குடும்பத்து நாதன் கிளார்க் 1941இல் இராணுவப் பணியிற் பர்மாவிற்கு அனுப்பப்பட்டார். ஆண்டுப் படைத்தலைவர் சிலர் அணிந்திருந்த கணுக்காலளவான கரடுமுரடான சுவேட் சப்பாத்துக்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன. அவை கெய்ரோ நகரத்துக் கடைத்தெருவில், கிரேப் இறப்பர் அடிகொண்டு தைக்கப்பட்டவை. அவ்வமைப்பைத் தழுவி அவர் வகுத்த 'டெசட் பூட்' என்னும் பாலைவனச் சப்பாத்து 1949இற் சிக்காகோவில் நடந்த பாதணிக் கண்காட்சியில் வைக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றது.

அச்சப்பாத்தின் அடியாயமைந்த கிரேப் இறப்பரை நோக்குக. இறப்பர்ப் பாலை உறையவைத்து, உருளைகளிடையே இட்டு மெல்லிய தாள்களாக்கி, அத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்திச் செய்வது அது. இவ்வடித்தோல் இறப்பரைச் செய்வதில் நீண்டகாலமாகப் பெயர்பெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பிரேசிலில் இருந்து பெறப்பட்ட வித்துக்கள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்க, அந்நாற்றுக்கள் 1876ஆம் ஆண்டு இங்கு வந்து கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. மேற்குலகத்தார் காலணியின் கீழே நம் நாட்டு மரத்தின் பாலும், அதனை விடியற்காலையில் வெட்டியெடுத்த தோட்டத் தொழிலாளரின் உழைப்பும் இவ்வாறு இடம்பெற்றன.

1955ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பாடகர் கார்ல் பேர்க்கின்சு, தம் நீலச் சுவேட் சப்பாத்தை எவரும் மிதித்துவிடலாகாது எனக் கூறும் பாட்டொன்றைப் பாடிப் பதிவுசெய்தார். 1956இல் அது வெளியாகி எங்கும் பரவியது. எல்விசு பிரெசிலியும் அவ்வாண்டிலேயே அதனைப் பாடினார். நடனமண்டபத்தில் ஓரிளைஞன் தன்னோடு ஆடிய பெண்ணைத் தன் சப்பாத்தை மிதியாதே எனக் கடிந்ததைக் கண்டு மனம் வருந்தியே அப்பாட்டை இயற்றியதாகப் பேர்க்கின்சு கூறுவர். அழகிய நங்கை எதிரே நிற்க, அவளினும் காற்சப்பாத்துப் பெரிதாயிற்றே என்பது அவர் வியப்பு. பொருளைப் போற்றி ஆளை மறக்கும் அப்பேதைமை அவ்விளைஞனோடு முடிந்துவிட்டதன்று.

ஆற்றின் கணக்கு

தமிழ்நாட்டிலே தோல் பதனிடுதல் பழைய தொழில். ஆவாரம்பட்டையிற் பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னைத் துறைமுகத்தினின்றும் பிரித்தானியாவிற்கு ஏராளமாக ஏற்றுமதியாயின. 1884இல் அமெரிக்கரான அகஸ்தசு சூல்சு குரோமிய உப்பினாற் பதனிடும் முறைக்கு உரிமம் பெற்றார். மரப்பட்டை வாரக்கணக்கிற் செய்த வேலையைக் குரோமியம் விரைவிற் செய்தது, தோலும் மென்மையாயிற்று, சாயமும் நன்கு பற்றியது. இன்று உலகிற் செய்யப்படும் தோலிற் பெரும்பகுதி குரோமியத்தாற் பதனிடப்படுவதே.

ஆயினும் அம்மென்மைக்கு விலை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோற்சாலைகளினின்றும் வழிந்த கழிவுநீர் பாலாற்றையும் அதனை அடுத்த கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர் மக்கள் நல அமைப்பொன்று தொடுத்த வழக்கிலே இந்திய உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கி, கெடுத்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. சூழலைக் காக்கும் சட்டம் பயில்வோர் யாவரும் அத்தீர்ப்பை இன்றும் கற்கின்றனர். பாலின் பெயரைத் தாங்கிய ஆறு உப்புநீர் ஆன துயரம், கடையில் அடுக்கி வைத்த காலணியிற் புலப்படுவதில்லை.

விலங்கைக் கொல்லாமலே இத்தோற்றத்தைப் பெறும் வழியும் தோன்றியுள்ளது. 1970ஆம் ஆண்டு யப்பானில் மியோசி ஒக்கமோத்தோ என்னும் அறிஞர், மயிரினும் பன்மடங்கு நுண்ணிய செயற்கை இழைகளைப் பின்னி 'அல்ட்ராசுவேட்' என்னும் துணியை ஆக்கினார். அது நீரிற் தோய்த்துத் துவைக்கத்தக்கது. ஆயினும் அதன் மூலப்பொருள் நிலநெய்யிலிருந்து பெறப்படுவது. ஆதலின் அதுவும் கணக்கின்றி வருவதன்று.

முன்னிலைச் சொல்

இனிப் புளியமரத்தடிக்கு மீள்வோம். செருப்புத் தைக்கும் அம்முதியவர் பழைய செய்தித்தாள்களைக் கசக்கிச் சப்பாத்தினுள்ளே திணித்தார். அவற்றுள் ஒன்று ஏதோ ஒரு வாரமலரின் இலக்கியப் பக்கமாயிருந்தது. "நிழலிலை ரெண்டு நாள் கிடக்கட்டும் ஐயா. அடுப்படிக்கும் கொண்டுபோக வேண்டாம்" என்றார். இரண்டு நாள் கழித்துச் சென்றபோது, சிறு பிரசினால் ஒரு திசையாகவே வாரினார். கறைபட்ட இடங்களைப் பள்ளிப்பிள்ளைகளின் அழிறப்பரினாற் தேய்த்தார். கொதிநீர்க் கேத்திலின் ஆவியில் ஒருகணம் காட்டி, மீண்டும் வாரினார். படுத்திருந்த நார் மெல்ல எழுந்தது.

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முதல்நாள் யான் அவரை 'நீர்' என விளித்தமை நினைவுக்கு வந்தது. நீர் என்பது இலக்கணப்படி முன்னிலைப் பன்மை. நம் ஊர்ப் பேச்சிலோ அஃது 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் இடையே நிற்கும் படி. இளையோரையும், ஒத்தவருள் நெருங்கியவரையும் அவ்வாறு அழைப்போம். பத்தாண்டு மூத்த ஒருவரை எந்த இலக்கணத்தின்படி யான் 'நீர்' என்றேன்? என் தந்தையார் இத்தொழிலாளரைப் படலைக்கு வெளியே நிறுத்தி 'நீ' என்றே பேசுவார். யான் ஒருபடி உயர்த்திவிட்டதாக உள்ளூர எண்ணியிருந்தேன் போலும். அவரோ தொடக்கமுதல் என்னை 'ஐயா' என்றும் 'நீங்கள்' என்றுமே பேசினார்.

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையிலே புகார் நகரத்துக் கைவினைஞர் வரிசையிற் தோல் தைப்போரும் எண்ணப்பெறுகின்றனர். பொற்கொல்லரும் தச்சரும் பாணரும் வாழும் அந்நகரில் அவர்க்கும் ஓரிடம் உண்டு. அடிகள் அவர்களை விலக்கவில்லை. அப்பகுதியை யான் பலமுறை கற்பித்திருக்கின்றேன். சொற்பொருள் கூறி அடுத்த அடிக்கு விரைந்திருக்கின்றேன். கோயிலில் ஒலிக்கும் தவிலும், இசையரங்கில் ஒலிக்கும் மிருதங்கமும் தோலாலேயே நாதம் பெறுகின்றன. அந்நாதத்தைக் கேட்டு உருகும் நாம், அத்தோலைப் பதனிட்ட கையைத் தீண்டலாகாது என்று எத்தனை தலைமுறை சொல்லி வந்தோம்!

"நீங்கள் இத்தொழிலை எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பின் வேலையிற் குனிந்தார். "அப்புவிட்டைத்தான். தோலைத் தடவிப் பார்த்தே எந்த மிருகம், எந்தப் பக்கம் எண்டு சொல்லுவார். எனக்கு அவ்வளவு வராது ஐயா" என்றார். கூலியைச் சொன்னார். கொடுத்தேன். எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டார்.

இறுதியாக மாணாக்கர் கேட்கக்கூடிய ஒரு வினா. சுவேட் என்பதற்குத் தமிழிற் சொல் யாது? திசைச்சொல்லுக்கு இலக்கணம் வகுத்த நன்னூலார் கணக்கிற் சுவீடன் நாடு இருந்திருக்க வழியில்லை; ஆயினும் அவர் திறந்து வைத்த வாயில் இன்றும் திறந்தே உளது. போத்துக்கேயரிடமிருந்து சப்பாத்தும் விறாந்தையும் அலுமாரியும் பெற்ற நமக்கு 'சுவேட்' என்பதை ஏற்பதில் இழுக்கில்லை. தமிழ்ச்சொல்லே வேண்டுமெனின் 'உட்தோல்', 'மென்றோல்' முதலியன அகராதி வகுப்போர்க்குத் தோன்றலாம். முதியவர் ஆளும் சொல்லோ எளியது: 'தோலின்ரை உள்ப்பக்கம்'. பொருளைக் கையாலறிந்தவர் வாயிற் பிறந்தமையின் யான் அதனையே தெரிவேன். அறிஞர் வேறு கருதின் உரைக்க.

அடுத்த வாரம் வகுப்பிற் சிலம்பின் அப்பகுதி மீண்டும் வந்தது. தோல் தைப்போர் பற்றிய அடியில் நின்றேன். பொருளை உரைத்தபின், நம் சந்தியிலிருக்கும் முதியவரைச் சென்று கண்டு, தோலின் இருபுறமும் எவ்வாறு வேறுபடும் எனக் கேட்டு எழுதிவருமாறு மாணாக்கரைப் பணித்தேன். அவரை 'நீங்கள்' என்று விளித்துக் கேட்க வேண்டும் என்பதையும் கரும்பலகையில் எழுதினேன்.